குழாய்க்குள் போன ஜீப்

ரிமோட்டில் ஓடும் அந்தச் சின்ன ஜீப்பை வாங்கியபோது அமல்ராஜ் தன் மனைவியிடம், "வேலைக்கு வேணும்" என்று சொல்லியிருந்தான்.

ராயப்பன்பட்டியில் அவன் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவான், பைப் லைன் இழுப்பான், போர்வெல்லில் மாட்டிக்கொண்ட மோட்டாரை மேலே எடுத்துக் கொடுப்பான். வயது முப்பத்தெட்டு. கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை அவன் பிரித்தபோது, உள்ளேயிருந்து ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு சிவப்பு ஜீப் வெளியே வந்தது. இவாஞ்சலின் கையில் கரண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இது எந்த வேலைக்கு?"

"பைப்புக்குள்ள அடைப்பு இருந்தா இத உள்ள விட்டுப் பாக்கலாம். கேரளாவுல எல்லாம் இப்ப இப்பிடித்தான் செய்யுறாக."

இவாஞ்சலின் பள்ளிக்கூட டீச்சர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் காரணங்களைத் தினமும் கேட்கிறவள். அவள் ஜீப்பை ஒருமுறை பார்த்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதமாகியும் அந்த ஜீப் ஒரு பைப்பின் வாயைக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமல்ராஜ் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மலையடிவாரப் பாறைகளுக்குப் போவான். பாறைமேல் ஏற்றுவான், இறக்குவான், மல்லாந்து விழுந்தால் ஓடிப்போய் நிமிர்த்துவான். வீட்டில் கேட்டால், "ஒரு லைன் பாக்கப் போனேன்" என்பான்.

அப்படியே போயிருக்கும், இவாஞ்சலின் கம்பத்திலிருந்து வந்த பஸ்ஸில் சங்கிலியம்மாளுக்குப் பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால்.

சங்கிலியம்மாளுக்குக் கம்பத்துக்குத் தெற்கே மெயின் ரோட்டோரம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. தோட்டம் ரோட்டுக்குக் கிழக்கே, கிணறும் மோட்டாரும் ரோட்டுக்கு மேற்கே. ரோட்டை அகலப்படுத்தியபோது பழைய தண்ணீர் லைன் அறுந்துபோனது. அவள் போட்ட சண்டையில், காண்ட்ராக்டர் ரோட்டுக்கு அடியில் ஒன்றேகால் அடி வாயுள்ள சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் புதைத்து, "இதுக்குள்ள உங்க ஓஸை விட்டுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மேலே தார் போட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு கயிற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவரோடு சண்டை போட்ட மும்முரத்தில் சங்கிலியம்மாளுக்கும் தோன்றவில்லை.

குழாய் எழுபது அடி நீளம். நடுவில் ஒரு துண்டு மண்ணில் இறங்கிவிட்டது. அதனால் எந்தப் பக்கமிருந்து ஓஸைத் தள்ளினாலும் நடுவில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு படி இருந்து முட்டியது. கவாத்து முடிந்து கொடியில் துளிர் விடுகிற நேரம். எட்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்த இவாஞ்சலின், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. எனக்கும் லீவு. சங்கிலியம்மாக்கா தோட்டத்துக்கு வர்றோம்னு சொல்லிட்டேன். உங்க ஜீப்ப எடுத்துக்கோங்க."

"ஜீப்பா?"

"பைப்புக்குள்ள விடத்தான வாங்குனீக?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அமல்ராஜ் ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டதை இவாஞ்சலின் கவனித்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் போனபோது குழாயின் மேற்கு வாயில் ஒரு கூட்டமே நின்றது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த சண்முகராஜ் கடையைப் பாதி மூடிவிட்டு வந்திருந்தார். எட்டு நாளாக இந்தக் குழாய் விஷயத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

"எல்லாம் பாத்தாச்சு தம்பி," என்றார். "மூங்கில் விட்டோம், முட்டிருச்சு. தண்ணிய ஊத்திப் பந்து மிதக்க விட்டோம், பந்து திரும்பி வந்துருச்சு. அப்புறம் நம்ம தாசில்தாரக் கூப்பிட்டோம்."

"தாசில்தாரா? அவுக வந்தாகளா?"

சண்முகராஜ் கையைக் காட்டினார். சங்கிலியம்மாளின் காலடியில் செவலை நிறத்தில், கறுத்த மூஞ்சியோடு ஒரு கோம்பை நாய் உட்கார்ந்திருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்தி வைத்து விசாரிப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

"இவன் கழுத்துப் பட்டையில கயித்தக் கட்டி இங்கன விட்டேன்," என்றாள் சங்கிலியம்மாள். "அங்கன குழா வாயில அவிச்ச முட்டைய வெச்சிருந்தோம். இந்தப் பய குழாயில போவான்னு பாத்தா, ரோட்டத் தாண்டி ஓடி முட்டையத் தின்னுட்டான். கயிறு ரோட்டுக்குக் குறுக்க கிடக்கு, வைக்கோல் லாரி ஒண்ணு வந்து அத்துக்கிட்டுப் போயிருச்சு."

தாசில்தார் அமல்ராஜின் பையை முகர்ந்து பார்த்தது. உள்ளேயிருந்து ஜீப் வெளியே வந்ததும் கூட்டம் நெருங்கி வந்து குனிந்தது.

"இது விளையாட்டுச் சாமானுல்ல?" என்றார் சண்முகராஜ்.

"வேலைக்குன்னே வாங்குனது அண்ணே," என்றாள் இவாஞ்சலின். அவள் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. அமல்ராஜுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவன் ஜீப்பின் பின்னால் தூண்டில் நரம்பைக் கட்டினான். நரம்பு மறுபக்கம் போய்விட்டால் அதில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம், கயிற்றில் ஓஸைக் கட்டி இழுக்கலாம். ஜீப்பின் கூரையில் ஒரு சின்ன டார்ச்சை டேப் போட்டு ஒட்டினான். மண்ணில் குப்புறப் படுத்து, ரிமோட்டைக் கையில் எடுத்து, குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு ஜீப்பை உள்ளே விட்டான்.

பத்து அடி, இருபது அடி ஒழுங்காகப் போனது. கூட்டம் "போகுது, போகுது" என்றது. முப்பதாவது அடியில் படி வந்தது. ஜீப் முன்சக்கரத்தைத் தூக்கிப் படியில் வைத்தது, உறுமியது, கொஞ்சம் ஏறியது. உருண்டைக் குழாயில் ஒரு பக்கச் சக்கரம் சுவரில் ஏற, இன்னொரு பக்கம் கீழேயே நின்றது. டார்ச் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நான்கு சக்கரமும் கூரையைப் பார்த்துச் சுழன்றன.

நரம்பைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான். மறுபடி விட்டான். மறுபடி மல்லாந்தது. மூன்றாவது முறை படியை அடைவதற்கு முன்பே மல்லாந்தது.

"வண்டி பயந்துபோச்சு," என்றார் சண்முகராஜ்.

அமல்ராஜ் எழுந்து சட்டையைத் தட்டினான். அவனுக்குக் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. "சக்கரம் சின்னது அக்கா. படிய ஏறணும்னா பெரிய சக்கரம் வேணும்."

"அது எங்கன கிடைக்கும்?" என்றாள் சங்கிலியம்மாள்.

அமல்ராஜ் மனைவியைப் பார்க்காமல் சொன்னான். "கோயமுத்தூர்ல கிடைக்கும்."

சங்கிலியம்மாள் மடியிலிருந்து போனை எடுத்தாள். "எந்தக் கடைன்னு சொல்லு. என் மகன் இப்ப கோயமுத்தூர்லதான் இருக்கான். மத்தியான பஸ்ல கொடுத்துவிடச் சொல்றேன்."

"இல்லக்கா... அது அந்தக் கடையில இப்ப இருக்குமான்னு..."

"கேட்டுப் பாப்போம். பேரச் சொல்லு."

"அந்தக் கடைய மூடிட்டாக."

"இப்பத்தான் கிடைக்கும்னு சொன்ன?"

கூட்டம் அமல்ராஜின் முகத்தையே பார்த்தது. கிழக்கே, பந்தலில் துளிர்கள் வெயிலில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. நேற்று வரைக்கும் அவனுக்கு அது சங்கிலியம்மாளின் தோட்டம், அவ்வளவுதான். இன்று காலையில் குழாயில் முகத்தை வைத்துப் படுத்ததிலிருந்து அந்தப் படி அவனுக்குச் சொந்தப் பகையாகிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வீட்டுல இருக்கு," என்றான்.

இவாஞ்சலின் நிமிர்ந்தாள். "நம்ம வீட்டுலயா? எங்கன?"

"பரண்ல. குடில் பெட்டியில."

கிறிஸ்துமஸுக்கு வைக்கும் குடில் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருந்தார்கள். டிசம்பர் வரை யாரும் அதைத் தொடுவதில்லை.

"குடில் பெட்டியில சக்கரம் எப்பிடி வந்துச்சு?"

"சக்கரம் மட்டும் இல்ல. ஒரு காரும் இருக்கு. ரேஸ் காரு. மோட்டார் எரிஞ்சுபோச்சு."

மோட்டார் மெக்கானிக் வீட்டில் மோட்டார் எரிந்த கார். சண்முகராஜ் இருமினார்.

"சரி," என்றாள் இவாஞ்சலின். வகுப்பில் பையைத் திறந்து காட்டச் சொல்லும் குரல். "அந்தச் சக்கரத்தக் கொண்டுவந்து இதுல மாட்டுனா ஏறிருமா?"

"மாட்ட முடியாது. அந்தச் சக்கரத்தோட ஓட்டை பெருசு. இதோட அச்சு சின்னது. அப்பிடியே மாட்டுனாலும் ஸ்டியரிங் கம்பியில உரசும். நடுவுல ஹப் எக்ஸ்டெண்டர்னு ஒண்ணு போடணும்."

"அது எங்கன இருக்கு?"

அமல்ராஜின் குரல் மெலிந்தது. "மூணு ராஜாக்கள் இருக்கிற டப்பாவுல."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலியம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். இவாஞ்சலின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பைக் சாவியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க இங்கனயே இருங்க. நான் போய் எடுத்துட்டு வர்றேன். வேற என்னென்ன இருக்குன்னு நானே பாத்துக்குறேன்."

அவள் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அமல்ராஜ் மூன்று டீ குடித்தான். பைக்கின் முன்னால் ஒரு கட்டைப் பை தொங்கியது. அவள் தலைமுடியில் ஒரு வைக்கோல் துணுக்கு இருந்தது. பையிலிருந்து காரை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள்.

டப்பாவில் கட்டைவிரல் பருமனில் நான்கு நீல நிற அலுமினியத் துண்டுகள் இருந்தன. ஒரு முனையில் ஆறு மூலையுள்ள குழி. மறு முனையில் அதைவிடப் பெரிய ஆறு மூலைத் தலை, அதன் நடுவில் நட்டு முடுக்க ஒரு மரைக் கம்பி.

"குழி இருக்குல்ல, அது ஜீப்போட அச்சுல போய் உக்காரும்," என்று அமல்ராஜ் சங்கிலியம்மாளுக்குக் காட்டினான். "பெரிய சக்கரம் இந்தத் தலையில உக்காரும். மேல நட்டு. இப்ப சக்கரம் ஒரு இஞ்சு வெளிய தள்ளி நிக்கும். உரசவும் செய்யாது, வண்டியும் அகலமாயிரும், கவிழாது."

"வரப்பு வழுக்குனா நாம கால அகட்டி வெச்சு நிப்போம்ல, அது மாதிரி."

"அதேதான் அக்கா."

அவன் சின்ன ஸ்பேனரால் பழைய சக்கரங்களைக் கழற்றி, நான்கு துண்டுகளையும் அச்சில் இறுக்கி, ரேஸ் காரின் பெரிய சக்கரங்களை அவற்றின் மேல் மாட்டினான். சிவப்பு ஜீப், தாத்தாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி அகன்று நின்றது. தரையில் ஓட்டிப் பார்த்தான். இடது முன்சக்கரம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பம்பரில் பட்டது. இவாஞ்சலினின் பேனாக்கத்தியை வாங்கிப் பம்பர் ஓரத்தைச் சீவினான். இப்போது படவில்லை.

சண்முகராஜையும் தாசில்தாரையும் கிழக்கு வாய்க்கு அனுப்பினார்கள். ஜீப் வெளியே வந்ததும் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும், நரம்பை அவிழ்க்க வேண்டும்.

அமல்ராஜ் மறுபடி குப்புறப் படுத்தான். ஜீப் உள்ளே போனது. சக்கரங்கள் இரண்டு பக்கச் சுவரிலும் சமமாகத் தொட்டுக்கொண்டு போயின. இந்த முறை அது எந்தப் பக்கமும் சாயவில்லை. முப்பதாவது அடி. படி. முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறும் நேரத்தில் டார்ச் வெளிச்சம் ஆடத் தொடங்கியது.

"என்னாச்சு?" என்றாள் இவாஞ்சலின். அவளும் எப்போது படுத்தாள் என்று தெரியவில்லை, சேலையோடு அவன் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள்.

"நட்டு கழலுது. பின்னால வலது பக்கம்."

மெதுவாகப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தார்கள். சக்கரம் நட்டின் கடைசிச் சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "மரையில பசை போடணும்," என்றான் அமல்ராஜ். "அத நான் வாங்கல. இல்லன்னா அதிர்வுல கழலத்தான் செய்யும்."

"பசைன்னா எப்பிடி?"

"நட்டு பிடிச்சு நிக்கணும், ஆனா வேணும்னா கழட்டவும் முடியணும். காஞ்சா கெட்டியாகுற மாதிரி எதாவது."

இவாஞ்சலின் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினாள். கத்தரிப்பூ நிற நெயில் பாலிஷ். "திங்கக்கிழமை எங்க ஹெச்.எம். வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்குனேன்."

அவன் அவளைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் முறையாக அவள் கண்ணில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"மிச்சம் வெக்கணும்," என்றாள்.

நான்கு மரையிலும் கத்தரிப்பூ நிறம் பூசி நட்டை முடுக்கினார்கள். காயும் வரை இருவரும் மாறி மாறி ஊதினார்கள். சங்கிலியம்மாள் சேலைத் தலைப்பால் விசிறினாள்.

இந்த முறை ஜீப் படியில் முன்சக்கரத்தை வைத்தது, உறுமியது, பின்சக்கரத்தை வைத்தது, ஒரு துள்ளலில் மேலே போய்விட்டது. கூட்டம் கத்தியது. டார்ச் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. நாற்பது அடி, ஐம்பது, அறுபது. இவாஞ்சலின் கையிலிருந்த உருளையிலிருந்து நரம்பு நிதானமாக உருவிக்கொண்டு போனது.

திடீரென்று உருளை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"ஏங்க, மெதுவா ஓட்டுங்க!"

"நான் விரலையே எடுத்துட்டேன்!"

உருளை அவள் கையில் அதிர்ந்தது. அமல்ராஜ் ரிவர்ஸை அழுத்தினான். உருளை இன்னும் வேகமாகச் சுற்றியது. அப்போது போன் அடித்தது. சண்முகராஜ்.

"ஏலே அமலு, வண்டிய நிறுத்துடா!"

"நான் ஓட்டலண்ணே!"

"தாசில்தாரு கவ்விக்கிட்டுப் போறான்டா!"

எல்லாரும் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். குழாயிலிருந்து வெளிச்சத்தோடும் உறுமலோடும் ஒரு சாமான் வெளியே வருவதைக் கண்டு சண்முகராஜ் இரண்டடி பின்னால் குதித்திருந்தார். தாசில்தார் முன்னால் குதித்திருந்தது. இப்போது அது ஜீப்பை வாயில் கவ்விக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்தூணைச் சுற்றும், அடுத்த தூணுக்குப் போகும், அதையும் சுற்றும். பின்னாலேயே நரம்பு. வாயிலிருந்த ஜீப்பின் சக்கரங்கள் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன, ஏனென்றால் அமல்ராஜ் ஓடிக்கொண்டே ரிவர்ஸை அழுத்திக்கொண்டிருந்தான்.

"தாசில்தாரு! ஏலே, நில்லுடா!" என்று சங்கிலியம்மாள் கத்தினாள். நாய் நின்று பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடியது. சண்முகராஜ் குறுக்கே போய், நரம்பில் கால் தட்டி, வாய்க்காலில் உட்கார்ந்தார்.

இவாஞ்சலின் ஓடவில்லை. வரிசையின் முனையில் போய் நின்றாள். நாய் அவளை நோக்கி வந்ததும் ஒரு விரலைத் தரையைப் பார்த்து நீட்டினாள்.

"கீழ போடு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தாசில்தார் நின்றது. அவளைப் பார்த்தது. ஜீப்பைக் கீழே போட்டது. பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வாய்க்காலில் உட்கார்ந்திருந்த சண்முகராஜும் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

ஜீப்பின் கூரையில் பல் தடம். டார்ச்சைக் காணோம். ஆனால் நான்கு சக்கரமும் இருந்த இடத்தில் இருந்தன. அமல்ராஜ் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தான். கத்தரிப்பூ நிறம் கொஞ்சமும் விடவில்லை.

பதினோரு தூண்களில் சுற்றியிருந்த நரம்பைப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. நரம்பில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள், கயிற்றில் கறுப்பு ஓஸைக் கட்டி இழுத்தார்கள். படியில் ஓஸின் மூக்கு ஒருமுறை முட்டியது. கயிற்றைச் சுண்டி இழுத்ததும் தலையைத் தூக்கி ஏறி வந்துவிட்டது. அமல்ராஜ் இரண்டு முனையையும் இணைத்து, மேற்கே போய் மோட்டாரைப் போட்டான்.

முதலில் ஓஸிலிருந்து காற்று வந்தது. பிறகு செம்மண் கலங்கிய தண்ணீர் இரண்டு தடவை கக்கியது. அப்புறம் தெளிந்து, வாய்க்காலில் ஓடி, முதல் வரிசைக் கொடிகளின் தூரில் போய்த் தேங்கியது. சங்கிலியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சாப்பிட்டுத்தான் போகணும். டீச்சரு, நீ மோட்டார் ரூம் நிழல்ல போய் உக்காரு."

கூட்டம் கலைந்தது. மோட்டார் ரூம் முன்னால், வேப்பமர நிழலில் அமல்ராஜும் இவாஞ்சலினும் மட்டும் இருந்தார்கள். அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாளெல்லாம் வராத பேச்சு இனிமேல்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"இங்கன குடுங்க அத," என்றாள்.

அவன் ஜீப்பை நீட்டினான்.

"அது இல்ல. ரிமோட்ட."

அவள் ரிமோட்டை வாங்கிக் கொஞ்சம் பார்த்தாள். எது முன்னால், எது திருப்ப என்று அவன் சொல்வதற்கு முன்பே ஜீப் நகர்ந்தது. முற்றத்தில் நேராக ஓடியது. வேப்பமரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் மரத்தில் முட்டியது.

"ஏன் திரும்ப மாட்டேங்குது?"

"சக்கரத்த வெளிய தள்ளிட்டோம்ல. இப்ப பெரிய வட்டமா அடிச்சாத்தான் திரும்பும். முன்னாலயே ஒடிக்கணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பின்னால் எடுத்து, முன்னாலேயே ஒடித்து, பெரிய வட்டமாக மரத்தைச் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள், கண்ணை ஜீப்பிலிருந்து எடுக்காமல். "வேற எதுவும் இருக்கா?"

"இல்ல."

ஜீப் நான்காவது சுற்றையும் முடித்தது.

"ஒரு போட் இருக்கு," என்றான் அமல்ராஜ்.

"எங்கன?"

"உங்க அம்மா வீட்டுல. அத்தை நெல்லுக் குதிருக்குப் பின்னால வெச்சிருக்காக. உன்கிட்ட சொல்ல வேணாம்னு அவுகதான் சொன்னாக."

ஜீப் நின்றது. இவாஞ்சலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. பிறகு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். நெடுநேரம் சிரித்தாள், சோற்றுத் தட்டோடு வந்த சங்கிலியம்மாள் என்னவென்று புரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குப் போறோம்," என்றாள் இவாஞ்சலின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவுககிட்ட நான் பேசிக்குறேன். நீங்க கண்மாய்ல எவ்வளவு தண்ணி கிடக்குன்னு போய்ப் பாருங்க."